நூறு ரூபாயில் கைக்கு வருவது எவ்வளவு?

இணையவழிக் கூட்டு நிதித் தளங்களின் கட்டணங்களை ஒப்பிடும் முறை: அங்கத்தினர் கல்விப் பாடம்

பலர் கூடி ஒருவரது சுமையைத் தாங்குதல் நமக்குப் புதிதன்று. விசேஷ வீட்டில் எழுதும் மொய், வணிகர் தம் விற்பனையில் ஒதுக்கிய மகமை, இல்லத்தரசியர் உலையிடுமுன் கலயத்தில் எடுத்து வைத்த பிடியரிசி ஆகிய யாவும் இக்கருத்தின் பழைய உருவங்களே. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்துத் தொடங்கிய கூட்டுறவுக் கடையும் இதே வேரில் கிளைத்ததுதான்.

இன்று இவ்வழக்கம் இணையத்திலும் இடம் பிடித்துள்ளது. அமெரிக்காவில் 2009-இல் கிக்ஸ்டார்ட்டரும், 2010-இல் கோஃபண்ட்மீயும் தோன்றின. நம் நாட்டில் 2010-இல் பெங்களூரில் மிலாப், 2012-இல் மும்பையில் கெட்டோ ஆகிய தளங்கள் தொடங்கப்பெற்றன. தேவையை எழுதி, படத்துடன் வெளியிட்டால், முகமறியாதவரும் தம்மால் இயன்றதை அனுப்புகின்றனர். இது பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது. பிடியரிசிக் கலயத்துக்கு வாடகை கிடையாது. இணையத் தளத்துக்கு வாடகை உண்டு. அவ்வாடகை எவ்வளவு, அதை யார் கொடுக்கிறார் என்பதைக் கணக்கிட்டு அறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

தறியும் கட்டணமும்

எடுத்துக்காட்டாக ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தை மனத்திற்கொள்வோம். ஐப்பசி மழையில் ஊருக்குள் வெள்ளம் புகுந்து, 20 வீடுகளில் குழித்தறிகள் நீரில் மூழ்கிவிட்டன. பாவு அழுகிற்று, பண்ணை துருவேறிற்று, குழியின் சுவர் சரிந்தது. ஒரு தறியைத் திரும்ப ஓட்டுவதற்கு ரூ. 25,000 வேண்டும் எனக் கொண்டால், 20 தறிக்கும் ரூ. 5,00,000 ஆகிறது. தறி நின்ற நாளெல்லாம் கூலி நின்ற நாள். ஆதலால் சங்கம் இணையத்தில் நிதி திரட்ட முடிவு செய்கிறது.

இங்கே ஒரு பாடம் தொடக்கத்திலேயே மனத்தில் பதிய வேண்டும். தளத்துக்குக் கழியும் ஒவ்வொரு ரூ. 25,000-மும் ஒரு குடும்பத்தின் தறி. நூற்றுக்கு ஐந்து என்றால் சிறு எண்ணாகத் தோன்றும். தறிக் கணக்கில் சொன்னால்தான் அதன் கனம் விளங்கும்.

கட்டணத்தின் கூறுகள்

தளங்கள் தம் கட்டணத்தை ஒரே சொல்லில் அறிவிப்பதில்லை. அதனைக் கீழ்க்கண்டவாறு பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

1. தளக் கட்டணம்: இடம் கொடுத்ததற்காகத் தளம் எடுத்துக்கொள்வது. இது வந்த தொகையில் நூற்றுக்கு இவ்வளவு என்றிருக்கலாம். அல்லது தொடக்கத்திலேயே கட்டும் மொத்தத் தொகையாகவும் இருக்கலாம்.

2. பணப் பரிமாற்றக் கட்டணம்: கொடுப்பவரது கார்டு அல்லது வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை வாங்கித் தரும் நிறுவனத்துக்குச் சேர்வது. இதில் சதவிகிதம் ஒன்று. அதனோடு ஒவ்வொரு நன்கொடைக்கும் இத்தனை ரூபாய் என்ற நிலைத்தொகை மற்றொன்று. பின்னதை மிகக் கவனமாக நோக்க வேண்டும். 2020 ஜனவரி முதல், யு.பி.ஐ. வழியிலும் ரூபே டெபிட் கார்டு வழியிலும் வரும் பணத்துக்கு, பெறுபவரிடமிருந்து வங்கிகள் கழிவு பிடிக்கலாகாது என்பது அரசின் ஏற்பாடு. ஆயினும் இடைநிற்கும் நிறுவனம் தன் சேவைக்கெனத் தனியே கேட்கக்கூடுமாதலால், எவ்வழிக்கு எவ்வளவு என்று எழுத்தில் பெறுதல் நன்று.

3. வரி: மேற்கண்ட கட்டணங்களின் மீது 18 சதவிகித ஜி.எஸ்.டி. உண்டு. இது நன்கொடையின் மீதன்று, கட்டணத்தின் மீது. ஆகவே 5 சதவிகிதம் என்பது உண்மையில் 5.9 சதவிகிதம், 2 சதவிகிதம் என்பது 2.36 சதவிகிதம்.

4. விருப்பத் தொகை: தளத்தின் செலவுக்கென, நன்கொடைக்கு மேல் கொடுப்பவரிடம் கேட்கும் டிப்ஸ்.

5. இதர பிடித்தங்கள்: பணத்தை நம் வங்கிக்கு மாற்றும் கட்டணம், அயல்நாட்டுப் பணத்தை ரூபாயாக்கும் கழிவு, விரைவாகப் பெறுவதற்கான மிகுதிக் கட்டணம், நமது வேண்டுகோளை விளம்பரம் செய்வதற்கான செலவு முதலியன. விளம்பரச் செலவு சில வேளைகளில் மற்ற யாவற்றையும் விஞ்சிவிடும். நம் எழுத்து மூலமான சம்மதமின்றி விளம்பரத்துக்கு ஒரு காசும் பிடிக்கலாகாது என்பதை உடன்படிக்கையிலேயே சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

மூன்று தளங்கள்

இனிக் கணக்குக்கு வருவோம். கீழ்வரும் மூன்று தளங்களும் கற்பதற்காக நாமே வகுத்துக்கொண்டவை. எந்த நிறுவனத்தையும் குறிப்பன அல்ல.

முதல் தளம்: தளக் கட்டணம் 5 சதவிகிதம், பரிமாற்றக் கட்டணம் 2 சதவிகிதம்.

இரண்டாம் தளம்: "கட்டணமே இல்லை" என்பது இதன் அறிவிப்பு. பரிமாற்றக் கட்டணம் மட்டும் 2 சதவிகிதமும், நன்கொடை ஒன்றுக்கு 3 ரூபாயும். கொடுப்பவரிடம் 10 சதவிகித விருப்பத் தொகை கேட்கப்படும்.

மூன்றாம் தளம்: தொடக்கத்தில் ரூ. 5,000, பரிமாற்றக் கட்டணம் 2 சதவிகிதம்.

மூன்றிலும் கட்டணத்தின் மீது 18 சதவிகித வரி உண்டு. ஆயிரம் பேர் ஆளுக்கு ரூ. 500 கொடுத்து, ரூ. 5,00,000 சேர்ந்ததாகக் கொள்வோம்.

முதல் தளத்தில் கட்டணம் ரூ. 35,000, வரி ரூ. 6,300, மொத்தக் கழிவு ரூ. 41,300. கைக்கு வருவது ரூ. 4,58,700.

இரண்டாம் தளத்தில் 2 சதவிகிதத்துக்கு ரூ. 10,000, ஆயிரம் நன்கொடைக்கு மும்மூன்று ரூபாயாக ரூ. 3,000, வரி ரூ. 2,340, மொத்தக் கழிவு ரூ. 15,340. கைக்கு வருவது ரூ. 4,84,660.

மூன்றாம் தளத்தில் ரூ. 5,000-மும் ரூ. 10,000-மும் சேர்ந்து ரூ. 15,000, வரி ரூ. 2,700, மொத்தக் கழிவு ரூ. 17,700. கைக்கு வருவது ரூ. 4,82,300.

முதல் தளத்துக்கும் இரண்டாம் தளத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு ரூ. 25,960. இதுவே ஒரு குடும்பத்தின் தறி. எனவே இரண்டாவதே சிறந்தது என்று உடனே தீர்மானம் எழுதிவிடலாமா? எழுதலாகாது. இன்னும் மூன்று கேள்விகள் எஞ்சியுள்ளன.

முதற் கேள்வி: வரும் நன்கொடை பெரிதா, சிறிதா?

அதே ஐந்து லட்சம், ஆளுக்கு ரூ. 50 வீதம் பத்தாயிரம் பேரிடமிருந்து வந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் தளத்திலும் மூன்றாம் தளத்திலும் கணக்கு மாறுவதில்லை. இரண்டாம் தளத்திலோ நிலைத்தொகை மட்டும் ரூ. 30,000 ஆகிவிடுகிறது. அதனோடு ரூ. 10,000-மும் வரி ரூ. 7,200-மும் சேர, கழிவு ரூ. 47,200. கைக்கு வருவது ரூ. 4,52,800. அதாவது, கட்டணமே இல்லை என்ற தளம், ஐந்து சதவிகிதம் கேட்ட தளத்தினும் குறைவாகவே தருகிறது.

இதற்குக் காரணம் எளிது. சதவிகிதம் நன்கொடைக்குத் தக்கவாறு ஏறும், இறங்கும், நிலைத்தொகையோ இறங்குவதில்லை. ஐம்பது ரூபாயில் மூன்று ரூபாய் என்பது நூற்றுக்கு ஆறு. ஐந்நூறு ரூபாயில் அது நூற்றுக்கு அரைக்கும் சற்று மேல். இவ்விரு தளங்களும் சமமாகும் இடம் ரூ. 60. அதற்கு மேற்பட்ட நன்கொடைக்கு இரண்டாம் தளமும், கீழ்ப்பட்டதற்கு முதல் தளமும் நமக்கு இலாபம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. அமெரிக்காவில் கோஃபண்ட்மீ தளம் அறிவித்துள்ள பரிமாற்றக் கட்டணம் 2.9 சதவிகிதமும், நன்கொடை ஒன்றுக்கு 30 சென்ட்டுமாகும். நூறு டாலர் கொடுப்பவரிடம் அது 3 டாலர் 20 சென்ட், நூற்றுக்கு 3.2. பத்து டாலர் கொடுப்பவரிடம் 59 சென்ட்; நூற்றுக்கு 5.9. ஐந்து டாலர் கொடுப்பவரிடமோ ஏறத்தாழ 45 சென்ட். நூற்றுக்கு 9-ஐ எட்டுகிறது. ஏழை கொடுக்கும் சிறு காசுதான் வழியில் மிகுதியாகத் தேய்கிறது என்பதை இதனால் அறிகிறோம்.

ஆகவே தளத்தைத் தேடுமுன், நமக்குக் கொடுக்கப்போகிறவர் யார் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெரும்பாலோர் ஐம்பதும் நூறும் தரும் தொழிலாளரா, அல்லது ஆயிரம் தரக்கூடிய நகரத்துச் சேலை வாடிக்கையாளரா? விடைக்கேற்பத் தளமும் மாறும்.

இரண்டாம் கேள்வி: "கட்டணமே இல்லை" எனில் வாடகை கொடுப்பவர் யார்?

சங்கக் கூட்டத்தில் காரியதரிசி, "இத்தளத்தில் கட்டணம் கிடையாது" என்று படிக்கும்போது, முதிய அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "அப்படியானால் அவர்கள் கடை வாடகையும் ஆள் சம்பளமும் யார் கொடுக்கிறார்?" என்று கேட்க வேண்டும். அது மிகவும் நியாயமான கேள்வி.

கோஃபண்ட்மீ தளம் அமெரிக்காவில் தனிப்பட்டோர் திரட்டும் நிதிக்குத் தளக் கட்டணத்தை 2017-இல் நீக்கியது. அதற்கு மாறாகக் கொடுப்பவரிடம் விருப்பத் தொகை கேட்கும் முறையை மேற்கொண்டது. இம்முறை பின்னர்ப் பல தளங்களில் பரவிற்று. இதில் மறைப்பு ஒன்றுமில்லை. ஆனால் பணம் செலுத்தும் பக்கத்தில் ஒரு சதவிகிதம் முன்னரே குறிக்கப்பட்டிருப்பின், அவசரத்தில் கொடுப்பவர் அதைக் கவனியாது விட்டுவிடுவர். அத்தொகை நம் கணக்கில் வருவதுமில்லை, கழிவாகத் தோன்றுவதுமில்லை. ஆயினும் அது நம்மீது கொண்ட இரக்கத்தினால் ஒருவர் பையிலிருந்து எடுத்த பணமே.

நம் கணக்கில் இதைச் சேர்த்துப் பார்ப்போம். ரூ. 500 கொடுக்கும் ஆயிரம் பேரும் 10 சதவிகித விருப்பத் தொகையை அப்படியே விட்டுவிட்டால், அவர்கள் கொடுத்தது ரூ. 5,50,000, நமக்கு வந்தது ரூ. 4,84,660. அவர்களது நூறு ரூபாயில் நம்மிடம் சேர்ந்தது 88 ரூபாய் 12 காசு. முதல் தளத்தில் இது 91 ரூபாய் 74 காசு. பாதிப் பேர் மட்டும் விட்டுவைத்தால் 92 ரூபாய் 32 காசு. ஒருவரும் கொடாவிடின் 96 ரூபாய் 93 காசு.

இதனால் பெறப்படும் நெறி யாது? கட்டணத்தைப் பெறுபவர் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தல் போதாது. கொடுப்பவர் பக்கத்திலிருந்தும் பார்த்தல் வேண்டும். கொடுத்தவரின் நூறு ரூபாயில் தறிக்குச் சேர்வது எவ்வளவு என்பதே இரு பக்கத்துக்கும் பொதுவான அளவுகோல். விருப்பத் தொகை உள்ள தளத்தைத் தேர்ந்தெடுப்பின், நமது வேண்டுகோளிலேயே, "தளத்துக்கெனக் கேட்கப்படும் தொகை தங்கள் விருப்பத்தைப் பொறுத்தது, அதைச் சுழியமாகவும் மாற்றலாம்" என்று ஒரு வரி எழுதிவிடல் நேர்மையாகும்.

சீட்டு நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் கழிவுக்குச் சட்டம் வரம்பு விதித்துள்ளது; முன்பு நூற்றுக்கு ஐந்தாக இருந்த அது 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஏழாயிற்று. சீட்டில் சேருமுன் கழிவு எவ்வளவு என்று கேட்கும் நம் பழக்கம், இணையத்தின் வாசலில் நின்றுவிடலாகாது.

மூன்றாம் கேள்வி: இலக்கு எட்டாவிடின் என் செய்வது?

ஐந்து லட்சம் கேட்டோம். ஐம்பதாயிரமே வந்தது எனக் கொள்வோம். முதல் தளத்தில் கைக்கு வருவது ரூ. 45,870. இரண்டாம் தளத்தில், ரூ. 500 வீதம் நூறு பேர் கொடுத்திருப்பின், ரூ. 48,466. மூன்றாம் தளத்திலோ, தொடக்கக் கட்டணம் ரூ. 5,000-மும் பரிமாற்றக் கட்டணம் ரூ. 1,000-மும் வரியும் சேர்ந்து ரூ. 7,080 கழிய, எஞ்சுவது ரூ. 42,920. வெற்றியில் மலிவாயிருந்தது தோல்வியில் மிகவும் விலையேறிவிடுகிறது.

தளத்தின் விதியையும் இங்கே நோக்க வேண்டும். கிக்ஸ்டார்ட்டரில் இலக்கு முழுமையும் எட்டினாலன்றி ஒருவரிடமும் பணம் எடுக்கப்படுவதில்லை. அந்நிலையில் கட்டணமும் இல்லை. எட்டினால் தளத்துக்கு 5 சதவிகிதமும், அதன்மேல் பரிமாற்றக் கட்டணமும் உண்டு. வேறு தளங்களில் வந்தவரை நமதே. 20 தறியில் 2 தறியையாவது ஓட்டலாம் என்ற நிலையில் பின்னது ஏற்றது. பாதிப் பணத்தில் பயன்படாத வேலைக்கு, விவசாயிகள் கூட்டாகத் தோண்டும் கிணறு போன்றதற்கு, முன்னது ஏற்றது. ஏனெனில் பாதி தோண்டிய கிணற்றில் தண்ணீர் வாராது.

முன்பதிவு விற்பனையில் ஓர் எச்சரிக்கை

சில சங்கங்கள் நன்கொடையாகக் கேளாமல், சேலைக்கு முன்பணம் பெற்று நெய்து அனுப்ப விரும்பும். இது சுயமரியாதைக்கு உகந்த வழியே. ஆனால் கட்டணம் இலாபத்தின் மீதன்று, முழு விலையின் மீது என்பதை உணர வேண்டும். ரூ. 2,000 விலையுள்ள சேலைக்கு நூலும் சாயமும் கூலியும் சேர்ந்து ரூ. 1,800 அடக்கம் எனின், சங்கத்துக்கு மிச்சம் ரூ. 200. முதல் தளத்தின் கழிவு ஒரு சேலைக்கு ரூ. 165.20. எஞ்சுவது ரூ. 34.80, தபால் செலவுக்கும் அது காணாது. எனவே கழிவையும் அனுப்பும் செலவையும் கூட்டிய பின்னரே விலையை நிர்ணயித்தல் வேண்டும். நெசவாளியின் கூலியைக் குறைத்துத் தளத்துக்கு வாடகை கொடுப்பது கூட்டுறவாகாது.

தளம் வேண்டுமா என்பதே முதற் கணக்கு

கொடுக்கப்போகிறவர் நம் ஊராரும், அண்டைச் சங்கத்தாரும், நம்மை அறிந்த வாடிக்கையாளருமாயின், தளத்தின் உதவியே தேவையில்லாமற் போகலாம். சங்கத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு உரிய கியூ.ஆர். அட்டையை அனுப்பினால், யு.பி.ஐ. வழியே வரும் பணம் பெரும்பாலும் கழிவின்றிச் சேரும். தளத்துக்கு நாம் கொடுக்கும் கட்டணம், அறியாதவரை நம்மிடம் அழைத்து வருவதற்கும், பல வகைக் கார்டுகளில் பணம் பெறுவதற்கும், ரசீதும் கணக்கும் ஒழுங்காக வைப்பதற்கும் ஆன கூலி. அக்கூலிக்கு ஏற்ற வேலை நடக்குமா என்று பார்த்துக் கொடுப்பதே அறிவுடைமை.

எவ்வழியாயினும், நிர்வாகக் குழுவின் தீர்மானமின்றி நிதி திரட்டத் தொடங்கலாகாது. பணம் சங்கத்தின் கணக்கிலேயே வரவேண்டும்; தலைவரோ காரியதரிசியோ தம் சொந்தக் கணக்கைக் கொடுத்தல் எத்துணை நல்லெண்ணத்தோடு செய்யினும் தவறு. வருமான வரிச் சலுகை, அதற்கென அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்குக் கொடுத்தாலன்றிக் கிடையாதாதலால், சங்கத்துக்கு அது இல்லையெனில் அவ்வாறு வாக்களித்தலும் ஆகாது.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உறவினர் உள்ள ஊர்களுக்கு மற்றொரு குறிப்பு. இந்தியக் குடியுரிமையுடன் அங்கே வாழ்பவர், தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்புவதோ, அவர் தமிழரேயாயினும், வெளிநாட்டு நன்கொடையே. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அப்பணம் முதலில் புது டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வரவேண்டும். எனவே அத்தகைய உதவியைக் கேட்குமுன் தணிக்கையாளரைக் கலந்துகொள்க.

கொடுத்தவர்க்குக் கணக்கு

1885-ஆம் ஆண்டில், நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணமில்லாதிருந்தபோது, ஜோசப் புலிட்சர் தம் நாளிதழ் வாயிலாக மக்களிடம் கேட்டார். எவ்வளவு சிறு தொகையாயினும் கொடுத்தவர் பெயரை அச்சிடுவதாக வாக்களித்து அவ்வாறே செய்தார். ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அவற்றிற் பெரும்பாலானவை ஒரு டாலருக்கும் குறைந்த நன்கொடைகள். சிறு காசையும் கணக்கில் வைத்தமையால் மக்கள் நம்பினர்.

நாமும் அவ்வாறே செய்தல் வேண்டும். நிதி திரட்டி முடிந்ததும், வந்தது இவ்வளவு, தளத்துக்கும் வரிக்கும் கழிந்தது இவ்வளவு, தறிக்குச் செலவானது இவ்வளவு என்று மூன்று வரியில் சங்கத்தின் அறிவிப்புப் பலகையிலும், தளத்தின் பக்கத்திலும் வெளியிடுவோம். கழிவை மறைத்தால் கொடுத்தவர் ஐயுறுவர். எடுத்துச் சொன்னால் ஏற்றுக்கொள்வர். ஒரு முறை இழந்த நம்பிக்கையை அடுத்த வெள்ளத்தின்போது எந்தத் தளத்திலும் திரட்ட இயலாது.

படிப்பு வட்டத்துக்கான வினாக்கள்

1. விவசாயிகள் சங்கம் ஒன்று கிடங்கின் கூரையைச் செப்பனிட, 400 பேரிடம் ரூ. 500 வீதம் ரூ. 2,00,000 திரட்டுகிறது. தளக் கட்டணம் 3 சதவிகிதம். பரிமாற்றக் கட்டணம் 2 சதவிகிதமும் நன்கொடைக்கு ரூ. 2-உம், வரி 18 சதவிகிதம். கைக்கு வருவது எவ்வளவு?

2. அதே தொகை ரூ. 50 வீதம் 4,000 பேரிடமிருந்து வந்தால் எவ்வளவு?

3. நமது சங்கம் நாளை நிதி திரட்ட நேர்ந்தால், கொடுக்கக்கூடியவர் யாவர்? அவர்களுக்குத் தளம் வேண்டுமா, சங்கத்தின் கியூ.ஆர். அட்டை போதுமா? கூடிப் பேசி முடிவை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதுக.

விடை: முதல் வினாவுக்கு ரூ. 1,87,256. இரண்டாம் வினாவுக்கு ரூ. 1,78,760.